ஊர் மலருக்கு விக்கியிலிருந்து எடுப்பவர்களுக்கு: வரி வரியாகச் சரிபார்க்கும் முறை

கோயில் கொடை விழா மலர், தேவாலயத் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர் என்று குமரி மாவட்டத்தில் எங்காவது ஒரு மலர் அச்சாகிக்கொண்டேதான் இருக்கும். அதில் 'ஊர் வரலாறு' எழுதும் வேலை பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி தலையிலோ தங்கை தலையிலோ விழுகிறது. கைப்பேசியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் முதலில் வருவது இணையக் கலைக்களஞ்சியம். எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. மலர் கைக்கு வந்த பிறகுதான் ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மக்ளே, இந்த வருசம் தப்புல்லா" என்பார்.

"விக்கிப்பீடியாவை நம்பலாமா?" என்று கேட்டுப் பயனில்லை. ஒரே பக்கத்தில் மூன்றாவது வரி கல்வெட்டின்மேல் நிற்கும்; நான்காவது வரியை யாரோ போகிற போக்கில் எழுதியிருப்பார்கள். "இந்த வரி எதன்மேல் நிற்கிறது?" என்று ஒவ்வொரு வரியையும் கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே.

முதலில், எந்தக் களஞ்சியம் என்று பாருங்கள்

விக்கிப்பீடியா 2001இல் ஆங்கிலத்திலும் 2003இல் தமிழிலும் தொடங்கியது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். 2022இல் தொடங்கிய தமிழ் விக்கி வேறு தளம். அதில் ஆசிரியர் குழு உண்டு. ஒரு பக்கம் இறுதி செய்யப்பட்டதா, இன்னும் சரிபார்ப்பில் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்திலேயே குறி இருக்கும். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்குப் பெ. தூரன் தலைமைப் பதிப்பாசிரியர். இன்று அதை இணையத்திலேயே புரட்டலாம். ஆனால் அதில் குமரி மாவட்டத்தின் மக்கள்தொகையைத் தேடாதீர்கள். முதல் தொகுதி வந்தபோது இந்த மாவட்டமே கிடையாது.

அச்சில் வந்ததெல்லாம் சரி, இணையத்தில் வருவதெல்லாம் பிழை என்ற பழைய எண்ணத்தையும் விட்டுவிடலாம். 2005 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து, விக்கிப்பீடியாவின் கட்டுரைகளையும் பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியமான பிரிட்டானிக்காவின் கட்டுரைகளையும் துறை வல்லுநர்களிடம் கொடுத்தது. விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123. பிரிட்டானிக்கா இந்த முறையையே மறுத்து நீண்ட பதில் எழுதியது. இந்தக் கணக்கைக் காட்டி "விக்கியும் பிரிட்டானிக்காவும் ஏறக்குறைய ஒன்றுதான்" என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவை ஆங்கில அறிவியல் கட்டுரைகள். பல பேர் பார்த்துப் பார்த்துத் திருத்தியவை. உங்கள் ஊரைப் பற்றிய தமிழ்ப் பக்கத்தை நாலு பேர் பார்த்திருந்தாலே அதிகம். பார்க்கும் கண்கள் குறைந்தால் பிழை கூடுதல் நாள் உயிரோடிருக்கும்.

வரியை உடையுங்கள்

இப்படி ஒரு வரி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்து, 1672 சதுர கி.மீ. பரப்புள்ள கன்னியாகுமரி மாவட்டம் உருவானது." படிக்க ஒரு வரி, சரிபார்க்க நான்கு. தாளில் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

தேதி சரி. நான்கு வட்டங்களும் சரி: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு. ஆனால் இன்று திருவட்டாறு, கிள்ளியூர் சேர்ந்து ஆறு. பழைய வரியை நிகழ்காலத்தில் எழுதிவிட்டால் தப்பாகிவிடும். 'தமிழ்நாடு' என்ற பெயர் 1969 ஜனவரியில்தான் அதிகாரபூர்வமாக வந்தது. 1956இல் இணைந்தது சென்னை மாநிலத்தோடு. மலருக்கு இது பெரிய குற்றமில்லை, ஆய்வுக் கட்டுரைக்குக் குற்றம். பரப்பளவு 1672 என்றும் 1684 என்றும் இரண்டு விதமாகப் புழங்குகிறது. எதை எடுத்தாலும், எந்த ஆண்டின் எந்த வெளியீட்டிலிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மக்கள் அடர்த்தியை வேறு பரப்பளவை வைத்துக் கணக்கிட்டிருந்தால் இரண்டு எண்களும் ஒட்டாமல் நிற்கும். வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதே மாதிரி இன்னொன்று: காமராஜர் 1969 இடைத்தேர்தலில் வென்ற தொகுதியைக் 'கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி' என்று எழுதுவது. அன்று அதன் பெயர் நாகர்கோவில் தொகுதி. கன்னியாகுமரி என்ற பெயரில் மக்களவைத் தேர்தல் நடந்தது 2009 முதல்தான். இன்றைய பெயரைப் பழைய நிகழ்ச்சியின் தலையில் கட்டும் இந்தப் பழக்கம் உள்ளூர்ப் பக்கங்களில் மிக அதிகம்.

மேற்கோளைத் திறந்து படியுங்கள்

வேலையில் பாதி இதுதான். புதியவர்கள் வரியின் முடிவில் சின்ன எண்ணைக் கண்டதுமே "சான்று இருக்கிறது" என்று நகர்ந்துவிடுகிறார்கள். எண் இருப்பதும் சான்று இருப்பதும் ஒன்றல்ல. எண்ணைத் தொடுங்கள், இணைப்புக்குப் போங்கள், அங்கே போய் மூன்றைப் பாருங்கள்.

பக்கம் திறக்கிறதா? அரசுத் தளங்களின் முகவரி மாறும்போது பழைய இணைப்புகள் செத்துவிடும். அப்போது அந்த முகவரியை நகலெடுத்து இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் ஒட்டினால், அந்தப் பக்கம் முன்பு இருந்த தோற்றம் பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அந்த வரிக்குச் சான்று இல்லை என்றே கணக்கு.

அந்தச் செய்தி அங்கே உண்மையிலேயே இருக்கிறதா? பல வேளைகளில் ஊரைப் பற்றிப் பொதுவாக ஏதோ இருக்கும். வரியில் சொன்ன ஆண்டும் எண்ணிக்கையும் இருக்காது. இன்னொரு வகை: பத்தியின் முதல் பாதி பழையது, சான்றுள்ளது. நடுவில் யாரோ இரண்டு வாக்கியம் செருகியிருப்பார். பழைய எண் பத்தியின் கடைசியில் அப்படியே நிற்பதால், செருகிய வாக்கியங்களும் சான்றுள்ளவை போலத் தெரியும்.

சொன்னவர் யார், அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? விழா மலரில் ஒருவர் விக்கியிலிருந்து எடுத்து, எடுத்த இடம் சொல்லாமல் அச்சிடுகிறார். இரண்டு வருடம் கழித்து இன்னொருவர் அதே மலரைச் சான்றாக விக்கியில் சேர்க்கிறார். இப்போது வரிக்கு 'அச்சு நூல்' சான்று வந்துவிட்டது. வந்த இடத்துக்கே வட்டமடித்துத் திரும்பிய செய்தி அது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி தேதி. அந்த வரி விக்கியில் முதலில் நுழைந்தது எப்போது, மலர் அச்சானது எப்போது? மலர் பிந்தியது என்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். நாளிதழ் இணைப்பிதழ்களில் வரும் சுற்றுலாக் கட்டுரைகளுக்கும் இதே சோதனைதான்.

தேடுபொறியில் பத்துத் தளங்கள் ஒரே மாதிரி சொன்னால் பத்துச் சான்று ஆகாது. விக்கிப்பீடியாவின் எழுத்தை யாரும் எடுத்துப் போடலாம் என்பது அதன் உரிமத்திலேயே இருக்கிறது. அதனால் நகல் தளங்கள் ஏராளம். ஒரே எழுத்துப்பிழை எல்லாவற்றிலும் வந்தால் சந்தேகமே வேண்டாம். தேடல் பக்கத்தின் மேலே வரும் சுருக்கப் பெட்டியும், செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் பதிலும் பல நேரம் அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

வரியை ஒட்டிச் 'சான்று தேவை' என்று அடைப்புக்குள் போட்டிருந்தால், அங்கே தொகுப்பவர்களுக்கே ஐயம் வந்திருக்கிறது என்று பொருள். அந்தக் குறியை விட்டுவிட்டு வரியை மட்டும் நகலெடுப்பதுதான் மலர்களில் அடிக்கடி நடப்பது.

வரலாற்றைக் காட்டு

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வரலாற்றுக்கு ஒரு தாவல் உண்டு. கைப்பேசியில் பக்கத்தின் அடியில், கடைசியாகத் தொகுத்தது எப்போது என்று சொல்லும் பட்டையைத் தொட்டால் அதே இடத்துக்குப் போகும். யார், எப்போது, எவ்வளவு மாற்றினார்கள் என்ற முழுக் கணக்கும் அங்கே இருக்கிறது. இரண்டு பதிப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால் மாறிய சொற்கள் நிறம் மாறித் தெரியும்.

ஒவ்வொரு தொகுப்பின் (திருத்தத்தின்) பக்கத்திலும் கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு எண் இருக்கும். அது எழுத்துகளின் எண்ணிக்கை இல்லை, பைட் அளவு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் (புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு) 3 பைட் ஆகும். 'கன்னியாகுமரி' என்ற ஒரு சொல்லே 36 பைட். ஆகவே +300 என்று பார்த்ததும் பெரிய பத்தி சேர்ந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரு வரி, மிஞ்சினால் ஒன்றரை வரி. எதிர்ப்பக்கமும் உண்டு. 1741ஐ 1714 என்று மாற்றினால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை: 0 என்றே காட்டும். பெரிய கழித்தல் எண்கள் சிவப்பாகக் கண்ணில் படும், யாராவது உடனே மீட்டுவிடுவார்கள். விஷமத்தனமான திருத்தம் பெரும்பாலும் இந்த 0க்குள்தான் ஒளிந்திருக்கும். ஆண்டு, உயரம், மக்கள்தொகை உள்ள பக்கங்களில் 0 காட்டும் தொகுப்புகளைத் தனியாகத் திறந்து பாருங்கள்.

உரையாடல் பக்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். சமுதாயங்கள், அரசியல்வாதிகள், வழிபாட்டுத் தலங்களின் உரிமை பற்றிய பக்கங்களில் சண்டை நடப்பது அங்கேதான். ஒரு வாரத்துக்குள் முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருக்கும் பக்கத்திலிருந்து எதையும் எடுக்க வேண்டாம். நீங்கள் எடுத்தது எந்தக் கட்சியின் பதிப்பு என்று உங்களுக்கே தெரியாது.

எண் சரி, பொருள் தப்பு

நம் மாவட்டத்துப் பக்கங்களில் எண்ணைத் தப்பாக எழுதுவதைவிட, எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தப்பாக எழுதுவதுதான் அதிகம்.

திருவள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி என்பார்கள், 95 அடி என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரி. சிலை 95 அடி, பீடம் 38 அடி, மொத்தம் 133. தப்பு வருவது "38 அடிப் பீடத்தின்மேல் 133 அடிச் சிலை" என்று எழுதும்போது. மீட்டரில் மாற்றினால் 133 அடி ஏறக்குறைய 40.5 மீ. இந்தச் சிலையை வைத்தே ஒரு பக்கம் எவ்வளவு பழையது என்றும் பார்க்கலாம். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் இடையே 77 மீ. நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். பாறையிலிருந்து சிலைக்குப் போக இன்னும் படகு மட்டுமே வழி என்று சொல்லும் பக்கத்தில், நுழைவு நேரமும் கட்டணமும் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மாத்தூர் தொட்டிப் பாலத்தின் நீளம் ஓரிடத்தில் ஒரு கிலோமீட்டர், இன்னோரிடத்தில் நானூறு மீட்டருக்கும் குறைவு. இங்கே நூல் தேட வேண்டியதில்லை. இணைய வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஒரு முனையில் வலச்சொடுக்கி 'தொலைவை அள' என்பதைத் தேர்ந்து மறுமுனையைத் தொடுங்கள். இரண்டு நிமிட வேலை. கூடவே வரும் "ஆசியாவிலேயே உயரமான, நீளமான" என்ற அடைமொழிக்கு ஒப்பிட்ட பட்டியல் எங்கே என்று கேளுங்கள். பட்டியல் இல்லாத 'ஆசியாவிலேயே'வை எடுத்துவிட்டாலும் பாலத்துக்கு ஒரு குறையும் வராது.

"இந்தியாவின் தென்கோடி" இன்னொன்று. நிலப்பரப்பின் தென்கோடி கன்னியாகுமரி. நாட்டின் தென்கோடி கிரேட் நிக்கோபாரில் உள்ள இந்திரா முனை. முக்கடல் சங்கமமும் அப்படித்தான்: மூன்று கடல் என்பது ஊர் வழக்கு, வழிபாட்டு வழக்கு. பன்னாட்டு நீர்ப்பரப்பியல் அமைப்பு 1953இல் வகுத்த எல்லைப்படி கரையோரக் கடல் லட்சத்தீவுக் கடல். வங்கக் கடலின் எல்லை ராமர் பாலத்தோடு (ஆதம் பாலம்) நின்றுவிடுகிறது. இரண்டு பக்கங்கள் முரண்படுவது போலத் தெரிந்தால், இரண்டும் வேறு வேறு வரையறையைப் பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். மலரில் 'முக்கடல்' என்று தாராளமாக எழுதுங்கள். புவியியல் பாடக் கட்டுரையில் மட்டும் கவனம்.

மக்கள்தொகை 18,70,374, எழுத்தறிவு 91.75 விழுக்காடு: இவை 2011 கணக்கெடுப்பின் எண்கள். 'தற்போது' என்ற சொல்லோடு வந்தால் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு 2011 என்று போடுங்கள். எழுத்தறிவைக் கணக்கிடும்போது 7 வயது நிரம்பாத குழந்தைகளைச் சேர்ப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஊராட்சிப் பக்கங்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. அட்டவணையிலிருந்து தானியங்கி எழுதியவை. குடிநீர்த் தொட்டி இத்தனை, ஊருணி இத்தனை என்று இருப்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

கொல்லம் ஆண்டு

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத தொல்லை இது. 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்ததால் நம் ஊர்க் கல்வெட்டு, பத்திரம், பழைய கோயில் கணக்கு என்று பலவற்றிலும் கொல்லம் ஆண்டுதான். மலையாள ஆண்டு என்றும் எழுதியிருக்கும். ஆண்டு பிறப்பது ஆவணி முதல் நாள், அதாவது ஆகஸ்ட் நடுவில். ஆவணியிலிருந்து டிசம்பர் 31 வரை 824 கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் ஆடிக் கடைசி வரை 825. பலர் எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிடுகிறார்கள், ஏறக்குறைய நாலரை மாதத்துக்கு ஓராண்டு பிசகும். மாதம் தெரியாவிட்டால் இரண்டு ஆண்டையும் போடுங்கள்: கொல்லம் 916 என்றால் 1740–41.

திருவிதாங்கூரும் டச்சுக்காரர்களும் மோதிய குளச்சல் போரை எடுத்துக்கொண்டால் இதன் சிக்கல் முழுதும் தெரியும். ஆடி மாதம் 916 என்பது 1741தான், அதில் குழப்பமில்லை. நாளில்தான் குழப்பம்: ஜூலை 31 என்றும் ஆகஸ்ட் 10 என்றும் இரண்டு தேதிகள் புழங்குகின்றன. பழைய ஜூலியன் நாட்காட்டி, புதிய கிரிகோரியன் நாட்காட்டி வித்தியாசம் என்று விளக்கம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்த வித்தியாசம் 11 நாள். ஜூலை 31உடன் 11 கூட்டினால் ஆகஸ்ட் 11 வருகிறது, 10 வரவில்லை. விளக்கம் அழகாக இருப்பதால் யாரும் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பதில்லை. மலரில் இரண்டு தேதியையும் கொடுத்து, எந்த நூலில் எது என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பக்கத்து மொழியையும் திறவுங்கள்

பக்கத்தில் உள்ள மொழிப் பட்டியலில் ஆங்கிலமும் மலையாளமும் இருந்தால் இரண்டையும் பாருங்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, குளச்சலில் அவரிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய், பத்மநாபபுரம் அரண்மனை பற்றியெல்லாம் மலையாளப் பக்கத்தில் வேறு சான்றுகள் கிடைக்கலாம். அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை; ஆவணமும் அந்தப் பக்கம்தான் கூடுதல். மலையாளம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் மேற்கோள் பட்டியலில் உள்ள நூல், ஆண்டு, பக்க எண்ணைப் படித்துவிடலாம். தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பு என்றால் மில்லியன், லட்சம் மாற்றத்தையும் அடி, மீட்டர் மாற்றத்தையும் முதலில் சோதியுங்கள், சறுக்குவது அங்கேதான்.

தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள்: குளச்சல், கொளச்சல், திருவிதாங்கூர், திருவாங்கூர். தமிழ் விக்கிப்பீடியாவில் சிலர் ஸ, ஜ போன்ற எழுத்துகளைத் தவிர்த்து எழுதுவதால் அகஸ்தீஸ்வரம் 'அகத்தீசுவரம்' ஆகியிருக்கலாம். மார்த்தாண்டத்தின் பழைய செய்தி வேண்டுமென்றால் 'தொடுவெட்டி' என்று தேட வேண்டும்.

மூல நூல்களில் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட மானுவல்கள் (நாட்டைப் பற்றிய பெருங்கையேடுகள்) இரண்டு: நாகம் ஐயா எழுதியது 1906இல், வேலுப்பிள்ளை எழுதியது 1940இல். தகவல் சுரங்கம்தான், ஆனால் அரண்மனையின் கண்ணில் பார்த்து எழுதியவை. போராட்டம், வரிக்கொடுமை பற்றி அவை சொல்லாமல் விட்டதை அவற்றிலேயே தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஊர்ப்பெயர்க் காரணங்களுக்கு எந்தக் களஞ்சியத்தையும் நம்ப வேண்டாம். கல்வெட்டில் பழைய வடிவம் இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் "என்று சொல்வார்கள்" என்று முடித்துவிடுங்கள்.

எடுத்ததை எழுதும் முறை

கலைக்களஞ்சியத்தின் வழியாக மூல நூலைக் கண்டுபிடித்துப் படித்துவிட்டால் மூல நூலையே குறிப்பிடுங்கள். படிக்காமல் நூலின் பெயரைப் போடுவது மோசடி. அப்போது விக்கியின் பெயரைத்தான் போட வேண்டும். கருவிகள் பட்டியலில் 'நிலையான தொடுப்பு' என்று இருக்கும். அது நீங்கள் பார்த்த பதிப்பை அப்படியே காட்டும். பிறகு பக்கம் மாறினாலும் அது மாறாது. கட்டுரைத் தலைப்பு, தளத்தின் பெயர், நிலையான தொடுப்பு, பார்த்த நாள் நான்கும் போதும்.

பிழை கண்டால்

'தொகு' என்பதைத் தொட்டு நீங்களே திருத்தலாம். ஒரு தடவையில் ஒரே ஒரு செய்தியைத் திருத்துங்கள், நூலும் பக்க எண்ணும் சேர்த்து மேற்கோள் கொடுங்கள், சுருக்கப் பெட்டியில் ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "எங்க ஊரு, எனக்குத் தெரியும்" என்பது அங்கே செல்லாது. வெளியான ஆதாரம் இல்லாத உண்மையையும் ஏற்க மாட்டார்கள். அது அவர்கள் விதி. தாத்தா சொன்ன செய்தி அருமையானதுதான், அதை மலரில் அவர் பெயரோடு போடுங்கள்.

கணக்கு ஒன்று தொடங்கிக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்தால், யாராவது மாற்றும்போது தெரியவரும். உங்கள் திருத்தத்தை யாராவது நீக்கியிருந்தால் மறுபடியும் அதையே போட்டு மல்லுக்கட்டாதீர்கள். அவர் எழுதிய காரணத்தைப் படித்துவிட்டு, நூலின் அந்தப் பக்கத்தில் உள்ள வாக்கியத்தை அப்படியே உரையாடல் பக்கத்தில் எடுத்தெழுதி, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.